இன்னொருவர் கட்டிவிடும் கச்சை

வேதபாகங்கள்: லூக்கா 13:10–17; 2 இராஜாக்கள் 20:1–7; கலாத்தியர் 6:2–5



சென்ற மடலைப் படித்துவிட்டுப் பலர் எங்களுக்குக் கடிதம் எழுதினீர்கள். அவற்றில் ஒன்றில் ஒரு கேள்வி இருந்தது: "முதுகெலும்பில் ஆபரேஷன் நன்றாக முடிந்து, அதற்காக ஸ்தோத்திரமும் ஏறெடுத்தாயிற்று. பிறகு ஏன் மூன்று மாதம் பெல்ட் போடச் சொல்லுகிறார்கள்? அது அவிசுவாசம் ஆகாதா?" இதே கேள்வியை வார்டில் நோயாளிகள் எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. ஒருமுறை இந்தக் கேள்விக்கு வேளையில் பதில் சொல்லாமல் விட்டு, அதன் பலனையும் நாங்கள் கண்டோம். ஆகவே இம்மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்ளுகிறோம்.

பனையிலிருந்து விழுந்த தம்பி

சில ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டு ஓரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பியைக் கட்டிலோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முப்பத்திரண்டு வயது. பனையேறுவது தொழில். பதநீர் இறக்கும் காலத்தில் காலையிலும் மாலையிலுமாக நாற்பது மரம் ஏறி இறங்குகிறவர். அன்று பாளை சீவிவிட்டு இறங்கும்போது பிடித்த மட்டை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

படம் எடுத்துப் பார்த்தபோது முதல் இடுப்பு முள்ளெலும்பு நொறுங்கியிருந்தது. விழுந்து அடிபடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முறிவது அந்த இடந்தான். அதற்கு மேலே விலா எலும்புகளோடு சேர்ந்த மார்புப்பகுதி அசையாமல் நிற்கிறது; அதற்குக் கீழே இடுப்புப்பகுதி வளைந்து கொடுக்கிறது. அசையாததும் அசைவதும் சந்திக்கிற இடத்தில் பலமெல்லாம் வந்து இறங்குகிறது. தண்டுவடமும் அந்த மட்டத்தில்தான் முடிந்து, குதிரைவால் போன்ற நரம்புக்கற்றையாகப் பிரிகிறது. நொறுங்கிய துண்டு ஒன்று அந்த நரம்புகளை அழுத்திக்கொண்டிருந்தது. கால்களில் பலம் குறைந்திருந்ததேயன்றி முழுதும் போய்விடவில்லை. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்தினோம்.

எங்கள் மருத்துவர்கள் அழுத்தத்தை நீக்கி, மேலேயுள்ள எலும்பிலும் கீழேயுள்ள எலும்பிலும் திருகாணிகளைப் பதித்து, இரு பக்கமும் கம்பி வைத்து இணைத்தார்கள். இடுப்பிலிருந்து சிறிது எலும்பு எடுத்து ஒட்டுப்போட்டார்கள். சில நாட்களில் அந்தத் தம்பிக்கு அளவெடுத்து ஒரு முதுகு பெல்ட் வந்தது. முன்னும் பின்னும் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, பக்கங்களில் இழுத்து ஒட்டும் பட்டைகள், மார்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை பிடித்துக்கொள்ளும். "எந்திரிச்சு நிக்கும்போதெல்லாம் இது இருக்கணும்" என்று மருத்துவர் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் அவர் வீட்டுக்குப் போனார். நாங்கள் கட்டிலருகே நின்று ஜெபம்பண்ணி, ஒரு கைப்பிரதியும் சுவிசேஷப் புத்தகமும் கொடுத்து அனுப்பினோம். பெல்ட்டைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது மருத்துவர் வேலை என்று இருந்துவிட்டோம்.

ஆறாம் வாரத்தில் அவருடைய ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஜெபக்கூட்டம் நடந்தது. அங்கே பேசின சகோதரர், நல்ல எண்ணத்தோடுதான் என்று நம்புகிறோம், "கர்த்தர் உன்னைத் தொட்டுவிட்டார், கட்டுகளைக் கழற்றிப் போடு" என்றார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. தம்பி பெல்ட்டைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு நடந்து போனார். நடக்க முடிந்தது, வலியும் இல்லை. மறுநாள் குழாயடியில் மனைவி நிறைத்துவைத்த குடத்தைக் குனிந்து தூக்கினார். அந்த வாரம் முழுவதும் தூக்கினார். எட்டாம் நாள் இரவு முதுகில் கத்தி வைத்ததுபோல வலி. திரும்பவும் வேனில் வந்தார். கீழே இருந்த இரண்டு திருகாணிகள் இளகியிருந்தன. ஒட்டுப்போட்ட எலும்பு இன்னும் சேரவில்லை. இரண்டாம் ஆபரேஷன் செய்யவேண்டியதாயிற்று.

பெல்ட் என்ன செய்கிறது? என்ன செய்யாது?

முதலாவது இதை நேர்மையாகச் சொல்லவேண்டும். பெல்ட் எலும்பை ஒட்டவைப்பதில்லை. எலும்பை ஒட்டவைக்கும் வேலையைத் தேவன் எலும்புக்குள்ளேயே வைத்திருக்கிறார். திருகாணியும் கம்பியும்கூட எலும்பு சேரும்வரை பிடித்துக்கொண்டிருக்கும் சாரந்தான். எலும்பு சேராமலே போனால் நாளடைவில் கம்பியும் தளர்ந்துபோகும் அல்லது ஒடிந்துபோகும். எலும்பு சேர மூன்று மாதம் முதல் ஆறு மாதம் ஆகலாம். முற்றும் உறுதிப்பட ஒரு வருஷமும் செல்லலாம்.

அந்த நாட்களில் பெல்ட் மூன்று காரியங்களைச் செய்கிறது. முன்பக்கம் குனிவதையும் பக்கவாட்டில் திரும்புவதையும் குறைக்கிறது. வயிற்றைச் சுற்றி அழுத்திப் பிடிப்பதால் முதுகுக்கு முன்பக்கத்திலிருந்தும் ஒரு தாங்கல் கிடைக்கிறது. மூன்றாவது, மறந்துபோய்க் குனிகிறவனைத் தட்டி எழுப்புகிறது. மருத்துவர்கள் பலர் இந்த மூன்றாவதையே பெரிதாக எண்ணுகிறார்கள்.

குனிவது ஏன் இவ்வளவு பெரிய காரியம்? சுவீடன் தேசத்து மருத்துவர் நாக்கெம்சன் 1960களில் முள்ளெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டுகளில் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அங்கேயுள்ள அழுத்தத்தை உயிரோடிருக்கும் மனிதரிடத்திலேயே அளந்தார். மல்லாந்து படுத்திருக்கையில் அழுத்தம் மிகக் குறைவு. நிற்கையில் கூடுகிறது. முன்பக்கம் குனிந்து பாரத்தைத் தூக்கையில் மிகவும் அதிகமாகிறது. ஆகவே அந்தத் தம்பிக்குத் தீங்கு செய்தது மேடையில் பெல்ட்டைக் கழற்றிய அந்த ஒரு நிமிஷம் அல்ல. "சுகமாகிவிட்டேன்" என்று எண்ணிக் குடத்தைத் தூக்கிய அந்த ஏழு நாட்களே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லாருக்கும் பெல்ட் வேண்டியதில்லை. முதுகு முறிந்தும் நரம்பு பாதிக்கப்படாமல், ஆபரேஷன் இல்லாமலே சிகிச்சை பெற்றவர்களைக் கனடாவில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பெல்ட் கொடுத்து மறு குழுவுக்குக் கொடுக்காமல் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. இக்காலத்துத் திருகாணிகள் உறுதியாய் இருப்பதால், ஆபரேஷன் ஆனபின் சிலருக்குப் பெல்ட்டே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லுகிறார். சிலருக்கு ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம். எலும்பு மெலிந்த முதியோர், முறிவு பெரிதாய் இருப்பவர்கள், வீட்டில் வேலை செய்யாமல் இருக்க முடியாதவர்கள் ஆகியோரை அவர் வேறாக நிதானிக்கிறார். அடுத்த கட்டில்காரருக்கு இல்லையே, எனக்கு மட்டும் ஏன் என்று ஒருவரும் மனம் நோகவேண்டாம்.

முன்னோர் கற்ற பாடம்

முதுகு வளைந்து கால் விழுந்துபோகும் நோயைக்குறித்து லண்டன் நகர அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் எழுதினார். அது முதுகெலும்பைத் தின்னும் காசநோய் என்று பிற்காலத்தில் அறியப்பட்டது. 1863இல் நியூயார்க்கில் மருத்துவர் டெய்லர் முதுகின் இருபக்கமும் செங்குத்தான இரும்புப் பட்டைகள் வைத்து ஒரு தாங்கியைச் செய்தார். இன்றும் நம் ஊர் மருந்துக்கடைகளில் "டெய்லர் பிரேஸ்" என்று கேட்டால் அந்த வம்சத்துத் தாங்கி ஒன்றை எடுத்துத் தருவார்கள். 1877இல் மருத்துவர் சேயர் பிளாஸ்டர் அங்கியைப்பற்றி நூல் எழுதினார். 1911இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பி என்ற இரு மருத்துவர்கள் முள்ளெலும்புகளை ஒட்டுப்போட்டு இணைக்கும் ஆபரேஷனைத் தனித்தனியே வெளியிட்டார்கள். அதன்பின் நோயாளிகளை மாதக்கணக்காய்ப் பிளாஸ்டருக்குள் படுக்கவைத்தார்கள்.

ஆனால் 1960களில் தென்கொரியாவின் மாசான், பூசான் நகரங்களில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலார் ஒரு சோதனை நடத்தினார்கள். முதுகெலும்புக் காசநோயாளிகள் யாவருக்கும் மருந்து கொடுத்தார்கள். மாசானில் சிலரை மாதக்கணக்காய்ப் படுக்கவைத்து, மற்றவர்களை நடமாட விட்டார்கள். பூசானில் சிலருக்குப் பிளாஸ்டர் அங்கி போட்டு, மற்றவர்களுக்குப் போடாமல் விட்டார்கள். படுத்தவர்களும் நடந்தவர்களும், அங்கி போட்டவர்களும் போடாதவர்களும் ஒன்றுபோலவே சுகமடைந்தார்கள். அந்த நோயில் வேலை செய்தது மருந்து, அங்கி அல்ல.

இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டது ஒன்று. தாங்கி ஒரு ஊழியக்காரன். அவனை எஜமானாக்கவும் கூடாது, வாசலில் நின்று தள்ளிவிடவும் கூடாது. வேலை முடியும்வரை வைத்திருந்து, முடிந்ததும் நன்றியோடு அனுப்பிவிடவேண்டும்.

பெல்ட் அவிசுவாசமா?

லூக்கா 13ஆம் அதிகாரத்தில் பதினெட்டு வருஷம் கூனியாய் நிமிரக்கூடாமல் இருந்த ஸ்திரீயைக் காண்கிறோம். ஆண்டவர் அவளைக் கண்டார், கூப்பிட்டார், விடுதலையானாய் என்றார், கைகளை வைத்தார். அவள் உடனே நிமிர்ந்தாள். கர்த்தர் ஒரு நொடியில் நிமிர்த்த வல்லவர் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. மருத்துவமனையில் வேலை செய்கிறோம் என்பதால் அந்த விசுவாசம் எங்களில் குறைந்துபோகவில்லை.

ஆனால் அதே அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். ஜெப ஆலயத்தலைவன் கோபமடைந்தபோது ஆண்டவர் எதைச் சொல்லிக் காட்டினார்? ஓய்வுநாளிலும் எருதையோ கழுதையையோ தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கொண்டுபோகிறார்களே என்றார். அவிழ்ப்பது அன்பின் செயல். ஆனால் எவரும் தன் எருதை எப்போதும் அவிழ்த்தே விட்டிருப்பதில்லை. தண்ணீர் காட்டினபின் திரும்பவும் கட்டுகிறார்கள்; அதுவும் அதன் நன்மைக்கே. சாத்தான் கட்டினது ஒன்று. மேய்ப்பன் கட்டுகிறது வேறொன்று. கட்டு என்ற வார்த்தையைக் கேட்டவுடனே இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இரண்டாவது, எசேக்கியா ராஜாவைப் பாருங்கள். அவன் மரணத்துக்கு ஏதுவான வியாதியாயிருந்தபோது அழுது ஜெபித்தான். ஏசாயா பாதி முற்றத்தைக் கடக்குமுன் பதில் வந்தது: குணமாக்குவேன், மூன்றாம் நாள் ஆலயத்துக்குப் போவாய், இன்னும் பதினைந்து வருஷம் கூட்டுவேன். இது மனிதர் வாக்கல்ல, கர்த்தரின் வாக்கு. அப்படியிருந்தும் அதே தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தம் கிடைத்தாயிற்றே, பற்று எதற்கு என்று ராஜா கேட்கவில்லை. மூன்று நாள் அந்தப் பற்று அவன் சரீரத்தில் இருந்தது என்றால், அந்த மூன்று நாளும் அவன் விசுவாசத்தில் குறைந்திருந்தான் என்று யார் சொல்லுவார்கள்? வாக்கைக் கொடுத்தவரே பற்றையும் கொடுத்தார்.

இந்தப் பாடத்தை முதல் ஆபரேஷன் முடிந்தபோதே அந்தத் தம்பிக்கு நாங்கள் சொல்லியிருக்கவேண்டும். அவருடைய சபை ஊழியருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கவேண்டும். ஜெபக்கூட்டத்தில் பேசினவரைக் குறைகூறுவதற்கு முன், மௌனமாயிருந்த எங்களை நாங்களே குறைகூறிக்கொள்ளுகிறோம்.

தளையும் ஏற்றமும்

இரண்டாம் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் சென்று, எசேக்கியாவின் பகுதியை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்தோம். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எங்களைப் பார்த்து,

"ஐயா, எங்க தொழில்ல தளைநார்னு ஒண்ணு உண்டு. ரெண்டு காலையும் சேத்து அதுல மாட்டிக்கிட்டுத்தான் மரத்துல ஏறணும். கட்டுன காலுதான் மரத்தப் பிடிக்கும். தளை இல்லாம எங்க அப்பா என்ன ஏறவே விட்டதில்ல. கட்டு இருந்தாத்தான் ஏத்தம்னு எனக்குத் தெரியாதா ஐயா? பெல்ட்ட மட்டும் ஏன் அப்பிடி நெனைக்கல?" என்றார்.

நாற்பது வருஷத்துக்குக் கிட்ட பிரசங்கம்பண்ணியிருக்கிறோம். இதைவிடத் தெளிவாய் நாங்கள் சொன்னதில்லை.

கட்டிவிடுகிறவர் அறியவேண்டியவை

இந்த முறை அவர் மனைவியையும் பிசியோதெரபி சகோதரியிடம் நாலு நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். அவர்கள் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறோம். உங்கள் வீட்டிலோ சபையிலோ இப்படிப்பட்டவர் இருந்தால் பயன்படும். ஆயினும் உங்கள் மருத்துவர் வேறு விதமாய்ச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

1. பெல்ட்டைப் படுத்திருக்கையிலேயே போடவேண்டும். தோளும் இடுப்பும் ஒன்றாய், மரத்தடியை உருட்டுவதுபோல ஒருபக்கமாய் உருண்டு, பின் ஓட்டை வைத்து, மல்லாந்து, முன் ஓட்டைப் பொருத்திப் பட்டைகளை இறுக்கவேண்டும். எழும்பும்போது பக்கவாட்டில் திரும்பிக் கால்களைத் தொங்கவிட்டுக் கையால் ஊன்றி எழும்பவேண்டும்.

2. உள்ளே சுருக்கமில்லாத பருத்திப் பனியன் இருக்கவேண்டும். வேர்வையில் நனைந்தால் மாற்றவேண்டும். பவுடரும் எண்ணெயும் பூசவேண்டாம்; ஈரம் தங்கித் தோல் புண்ணாகும்.

3. கழற்றும்போதெல்லாம் இடுப்பெலும்பு, விலா, முதுகு நடுக்கோடு ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த தடம் அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் பெல்ட்டைத் திருத்தவேண்டும். உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலி தெரியாது; உங்கள் கண்ணே அவர்களுக்குக் கண்.

4. தளர்வாய்க் கட்டினால் மேலும் கீழும் நழுவி உராயும். மிகவும் இறுக்கினால் மூச்சு முட்டும். வயிறு நிறைய ஒரே வேளையில் உண்ணாமல் கொஞ்சம் கொஞ்சமாய் உண்ணட்டும்.

5. குனிதல், திரும்புதல், பாரந்தூக்குதல் மூன்றும் கூடாது. தரையில் குந்தி உட்காரும் கழிப்பறை ஆகாது. நடுவில் ஓட்டையிட்ட நாற்காலி ஒன்று இருந்தால் போதும். நடப்பது நல்லது, தினமும் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும்.

6. பீடி, சிகரெட்டு எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும். இதைச் சொன்னபோது அந்தத் தம்பி மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சகோதரி பீடி சுற்றித்தான் அந்த மாதங்களில் வீட்டைக் காத்துவந்தார். "நான் சுத்துவேன், அவர் தொட மாட்டார்" என்று அவரே சொன்னார்.

7. காய்ச்சல், ஆபரேஷன் செய்த இடத்தில் கசிவு, கால்களில் புதிய மரத்துப்போதலோ பலக்குறைவோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமையோ சிறுநீர் இறங்காமையோ, கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் ஆகிய எதுவாயினும் அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

8. மருத்துவர் படம் பார்த்து அனுமதி கொடுத்தபின், அவர் சொல்லுகிறபடி பெல்ட்டை விடவேண்டும். பயத்தினால் தொடர்ந்து போட்டிருந்தால் முதுகுத் தசைகள் சோம்பிப் பலமிழக்கும்.

ஒருவர் பாரத்தை ஒருவர்

கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தை வாசிக்கும் வாலிபர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. இரண்டாம் வசனத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் பவுல், ஐந்தாம் வசனத்தில் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறாரே, எது சரி? மூலபாஷையில் இரண்டிடத்திலும் ஒரே சொல் அல்ல. முந்தினது ஒருவனை நசுக்கும் பளு. பிந்தினது அவனவனுக்கென்று கொடுக்கப்பட்ட சுமை. பெல்ட் போட்டவரைப் பார்த்தால் இரண்டும் விளங்கும். நொறுங்கிய எலும்பால் தாங்கக்கூடாததை மற்றொன்று தாங்கவேண்டும். ஆனால் நடக்கவேண்டியது அவருடைய கால்கள். மூன்று மாதம் ஒன்று, அதற்குப்பின் மற்றொன்று. எது எந்த வேளைக்கு என்று அறிவதே ஞானம்.

தானே கட்டிக்கொண்டு போனவனை முதிர்வயதில் வேறொருவன் கட்டுவான் என்று ஆண்டவர் பேதுருவுக்குச் சொன்னதும் இங்கே நினைவுக்கு வருகிறது. அது அவனுடைய மரணத்தைக் குறித்தது என்று யோவானே எழுதுகிறார். ஆயினும் பலவானாயிருந்தவன் இன்னொருவர் கையில் தன்னைக் கொடுக்கும் கஷ்டம் அதிலே உண்டு. நாற்பது பனை ஏறினவர், காலைதோறும் மனைவி பட்டையை இழுத்துக் கட்டும்வரை எழுந்து நிற்க முடியாமல் படுத்திருந்தார். முதல் வாரம் முகத்தைச் சுவர்பக்கம் திருப்பிக்கொள்ளுவாராம். பிறகு அந்த நேரத்தில் இருவரும் ஒரு சங்கீதம் வாசிக்கத் தொடங்கினார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை உங்களில் முதியோர் அறிவீர்கள். 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் அவர்களுடைய தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்கள். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கென ஒரு துறையை ஏற்படுத்தினார்கள். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது. 1972இல் அரசாங்கம் பத்மஸ்ரீ அளித்தது. அவர்கள் கால்கள் திரும்ப நடக்கவில்லை. ஆனால் இன்னொருவர் கையில் தன்னைக் கொடுக்கக் கற்ற அவர்களால் எத்தனையோ பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். எல்லாக் கட்டுகளும் மூன்று மாதத்தில் அவிழ்வதில்லை என்பதையும், அவிழாத இடத்திலும் தேவன் வேலை செய்கிறார் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

ஆபரேஷனுக்குப் பின்னுள்ள நாட்கள்

இரண்டாம் முறை அந்தத் தம்பி வீட்டுக்குப் போனபோது அவருடைய சபை ஊழியருக்குக் கடிதம் எழுதினோம். அவர் அதை ஞாயிறு ஆராதனையில் வாசித்தாராம். வாலிப சங்கத்தார் முறைவைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு தச்சர் கழிப்பறைக்கு நாற்காலி செய்து கொடுத்தார். பெண்கள் ஐக்கியத்தார் அரிசி கொடுத்தார்கள். பதினாலாம் வாரத்தில் படம் பார்த்தபோது எலும்பு சேர்ந்துவரும் அடையாளம் தெரிந்தது. பெல்ட்டைக் கழற்ற மருத்துவர் அனுமதி கொடுத்த அன்று அந்தத் தம்பி அதை மேடையில் வைக்கவில்லை. துடைத்து, மடித்து, எங்கள் கையில் கொடுத்து, "என் அளவுல யாரும் வந்தா உதவுமா ஐயா?" என்றார். அளவெடுத்துச் செய்தது மற்றவருக்குப் பொருந்தாது என்று சொல்லி வாங்கிக்கொண்டோம். இன்றும் எங்கள் அறையில் இருக்கிறது.

அவர் மறுபடி பனை ஏறவில்லை, ஏறவும் கூடாது. மற்றவர் இறக்கும் பதநீரை வாங்கிக் கருப்பட்டி காய்ச்சி விற்கிறார்.

பிரியமானவர்களே, நல்ல சமாரியன் காயங்களைக் கட்டினதோடு போய்விடவில்லை. சத்திரத்தில் சேர்த்தான். மறுநாளைக்கும் அதற்குப் பின்னுள்ள நாட்களுக்கும் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். ஆபரேஷனுக்கென்று நீங்கள் அனுப்பும் காணிக்கைகளுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். அதற்குப் பின்னுள்ள மூன்று மாதங்களே ஏழைக் குடும்பத்துக்கு நீண்ட வழி. அந்த வழியில் பணத்தைக்காட்டிலும், குடம் தூக்க ஒரு கையும் பட்டை கட்ட ஒரு கையும் தேவைப்படுகின்றன. உங்கள் தெருவிலே அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள்.

சிந்திக்கவும் கலந்துரையாடவும்

1. வாக்குத்தத்தம் பெற்ற எசேக்கியாவுக்கு அத்திப்பழப் பற்று ஏன் தேவைப்பட்டது? அது அவனுக்கும் சுற்றியிருந்தவர்களுக்கும் எதைக் கற்பித்திருக்கும்?

2. சாத்தான் கட்டும் கட்டையும் அன்பு கட்டும் கட்டையும் நம் வாழ்க்கையில் எப்படிப் பிரித்தறிவோம்?

3. இன்னொருவர் உதவியை வாங்கிக்கொள்ளுவது நமக்கு ஏன் கடினமாயிருக்கிறது?

4. சுகவீனரை "எழுந்து நட" என்று அவசரப்படுத்தியதுண்டா? "இனி உன்னால் முடியாது" என்று அடக்கிவைத்ததுண்டா?

ஜெபிப்போம்

முதுகொடிந்தவர்களைக் காண்கிற ஆண்டவரே, தாங்கல் வேண்டிய நாளில் அதைத் தாழ்மையோடு ஏற்றுக்கொள்ளவும், வேண்டாத நாளில் பயமின்றி விட்டுவிடவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். கட்டிவிடுகிற கைகளைப் பெலப்படுத்தும். மருத்துவர்கள், தாதியர், பிசியோதெரபி சகோதரிகள், தாங்கி செய்யும் தொழிலாளர் யாவரையும் ஆசீர்வதியும். பேசவேண்டிய வேளையில் மௌனமாயிருந்த எங்களை மன்னியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில் உங்கள் அன்பான,
மருத்துவமனைப் போதகர்